மான்செஸ்டர் ஆறுகளும் நுண்நெகிழியும்: ஒரு மாசின் வரலாறு

ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய நெகிழித் துகள்கள் நுண்நெகிழி எனப்படுகின்றன. மைக்ரோபிளாஸ்டிக் என்றும் இவற்றை அழைப்பர். கடலில் மிதக்கும் நெகிழிக் குப்பையைப் பற்றி உலகம் நீண்ட காலமாகப் பேசி வருகிறது. அந்தக் குப்பையின் பெரும்பகுதி நிலத்தில் உருவாகி, நகரங்களைக் கடந்து ஓடும் ஆறுகளின் வழியே கடலை அடைகிறது என்பது அண்மைக் காலத்தில்தான் அளவீடுகளோடு தெரிய வந்தது. இந்த அளவீட்டில் முக்கிய இடம் பெற்றவை இங்கிலாந்தின் வடமேற்கில், மான்செஸ்டர் நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் கடந்து ஓடும் ஆறுகள் ஆகும். இர்வெல், டேம், மெர்சி முதலிய இந்த ஆறுகளின் வரலாறு தொழிற்புரட்சியோடு தொடங்குகிறது. நெகிழியின் வரலாறும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் வரலாறும் இதே பகுதியில் வந்து கலக்கின்றன. அந்த மூன்று வரலாறுகளையும் சேர்த்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

ஆறுகளும் நகரமும்

இர்வெல் ஆறு லங்காஷயர் மேட்டுநிலங்களில் தோன்றி, பரி என்ற ஊரைக் கடந்து தெற்கே ஓடுகிறது. மான்செஸ்டருக்கும் சால்ஃபோர்டுக்கும் இடையே எல்லையாக அமைவது இந்த ஆறுதான். நகரத்துக்குள் இர்க், மெட்லாக் என்னும் இரண்டு சிற்றாறுகள் இதனோடு சேர்கின்றன. கிழக்கே டேம் ஆறு டென்டன் போன்ற தொழில் ஊர்களைக் கடந்து வருகிறது. ஸ்டாக்போர்ட் நகரில் டேமும் கோய்ட்டும் கூடுமிடத்தில் மெர்சி என்ற பெயர் தொடங்குகிறது. இர்வெல் நீரும் பிறகு மெர்சியைச் சேர்ந்து, லிவர்பூல் அருகே ஐரிஷ் கடலை அடைகிறது.

இந்த ஆறுகள் பெரியவை அல்ல. மெர்சியின் மொத்த நீளமே ஏறத்தாழ 112 கிலோமீட்டர்தான். ஆனால் மேட்டிலிருந்து விரைந்து இறங்கும் ஓட்டமும், பஞ்சு நூற்கவும் துணி வெளுக்கவும் ஏற்ற மென்மையான நீரும் இவற்றுக்கு இருந்தன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பஞ்சாலைகள் இவற்றின் கரைகளைத் தேடி வந்ததற்கு அதுவே காரணம். முதலில் நீர்ச்சக்கரத்தால் ஓடிய ஆலைகள் பின்னர் நீராவிக்கு மாறின. அப்போதும் கொதிகலன்களுக்கும் சாயத் தொட்டிகளுக்கும் ஆற்று நீர் தேவைப்பட்டது. பயன்படுத்திய நீர் அதே ஆற்றுக்குத் திரும்பியது.

கறுத்த நீர்

1851ஆம் ஆண்டுக்குள் மான்செஸ்டரின் மக்கள்தொகை மூன்று லட்சத்தைத் தாண்டியது. வீடுகளின் மலக்கழிவு, சாயப்பட்டறைகளின் நீர், தோல் பதனிடும் தொட்டிகளின் கழிவு, எரிவாயு நிலையங்களின் தார், கொதிகலன் சாம்பல் ஆகிய அனைத்தும் ஆறுகளில் கொட்டப்பட்டன. 1832இல் நகரத்தைக் காலரா தாக்கியது. பிரெடரிக் எங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட இங்கிலாந்தின் தொழிலாளர் நிலை பற்றிய நூலில் இர்க் ஆற்றின் காட்சி விரிவாக இடம்பெற்றுள்ளது. பாலத்தின் மேல் நின்று அவர் பார்த்தது கரியைப் போல் கறுத்து, நாற்றமெடுத்து, குப்பை தேங்கிய ஓர் ஓடை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்காலத்து மாசு கண்ணுக்குத் தெரிந்தது, மூக்குக்கும் தெரிந்தது. யார் கொட்டுகிறார்கள் என்பதும் ஊருக்கே தெரியும். ஆயினும் அதைத் தடுக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. ஆலையை நிறுத்தினால் வேலை போகும் என்ற அச்சமும், நகர நிர்வாகத்தில் ஆலை உரிமையாளர்களுக்கு இருந்த செல்வாக்கும் தடையாக நின்றன.

சட்டமும் சுத்திகரிப்பும்

ஆறுகளின் மாசை ஆராய 1868இல் ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. வேதியியலாளர் எட்வர்ட் ஃபிராங்க்லாண்ட் அதன் உறுப்பினர்களுள் ஒருவர். ஆணையத்தின் முதல் அறிக்கை 1870இல் வெளிவந்தது. அது மெர்சி, ரிப்பிள் ஆகிய இரு ஆறுகளின் வடிநிலங்களைப் பற்றியது. நாட்டிலேயே மிகவும் கெட்டுப்போன ஆறுகளிலிருந்து தொடங்க வேண்டும் என்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.

இதன் தொடர்ச்சியாக 1876இல் ஆற்று மாசுத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. ஆனால் தொழிற்சாலைகள் மீது வழக்குத் தொடர மத்திய வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். அந்த வாரியமோ உள்ளூர்த் தொழிலின் நலனைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று சட்டமே கூறியது. சட்டம் இருந்தும் ஆறு மாறவில்லை. 1891இல் மெர்சி, இர்வெல் ஆறுகளுக்கெனத் தனியாக ஒரு கூட்டுக்குழு அமைந்த பிறகுதான் ஆலைக்கு ஆலை சென்று சோதிக்கும் பழக்கம் வந்தது.

1894இல் மான்செஸ்டரின் மேற்கே டேவிஹுல்ம் என்னுமிடத்தில் பெரிய கழிவுநீர் நிலையம் செயல்படத் தொடங்கியது. மான்செஸ்டர் கப்பல் கால்வாய் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அந்த டேவிஹுல்மில் எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் ஆகிய இரு வேதியியலாளர்கள் ஒரு சோதனை செய்தனர். கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தினர். அடியில் படிந்த கசடை வெளியேற்றாமல் அடுத்த தொகுதிக் கழிவுநீரோடு மீண்டும் சேர்த்தனர். கசடில் வாழும் நுண்ணுயிரிகள் பெருகி, வாரக்கணக்கில் நடக்க வேண்டிய சுத்திகரிப்பைச் சில மணி நேரத்தில் செய்து முடித்தன. 1914 ஏப்ரலில் அவர்கள் இதை அறிவித்தனர். செயலூட்டப்பட்ட கசடு முறை என்று அழைக்கப்படும் இது இன்று உலகின் பெரும்பாலான பெருநகரங்களின் கழிவுநீர் நிலையங்களில் பின்பற்றப்படுகிறது.

இதே காலத்தில் எவ்வளவு சுத்தம் போதும் என்ற கேள்விக்கும் விடை வகுக்கப்பட்டது. கழிவுநீர் அகற்றல் குறித்த அரச ஆணையம் 1912இல் ஓர் அளவுகோலைப் பரிந்துரைத்தது. வெளியேறும் நீரில் ஒரு லிட்டருக்கு மிதக்கும் திடப்பொருள் 30 மில்லிகிராமுக்கு மேலும், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 20 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கக்கூடாது என்பது அது. இந்த அளவுகோல் ஆறுகளைக் காப்பாற்றியது. அழுகும் பொருளையே முதன்மையாகக் கருதி வகுக்கப்பட்டதால், அழுகாத ஒரு பொருள் ஆற்றில் சேர்ந்தால் அதை இந்த அளவுகோல் காட்டாது. 1912இல் அப்படியொரு பொருளைப் பற்றி எவரும் கவலைப்படத் தேவையிருக்கவில்லை.

நெகிழி பிறந்த நிலம்

அந்தப் பொருள் வெகு தொலைவிலிருந்து வரவில்லை. மான்செஸ்டருக்குத் தென்மேற்கே, செஷயரில் நார்த்விச் அருகே வின்னிங்டன் என்ற ஊர் உள்ளது. அங்கே ஓடும் வீவர் ஆறும் மெர்சியின் கழிமுகத்தையே சேர்கிறது. 1933 மார்ச்சில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் வின்னிங்டன் ஆய்வகத்தில் ரெஜினால்ட் கிப்சன், எரிக் ஃபாசெட் ஆகிய இருவரும் எத்திலீன் வாயுவை மிக உயர்ந்த அழுத்தத்தில் வேறொரு வேதிப்பொருளோடு சேர்த்துப் பார்த்தனர். எதிர்பார்த்த வினை நடக்கவில்லை. கலனில் வெண்மையான மெழுகு போன்ற ஒரு பொருள் படிந்திருந்தது. அதுதான் பாலிஎத்திலீன். 1935இல் மைக்கேல் பெரின் அதை மீண்டும் உருவாக்கிக் காட்டினார். 1939இல் தொழில்முறை உற்பத்தி தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் ராடார் கருவிகளின் கம்பிகளுக்கு உறையாக அது பயன்பட்டது. போருக்குப் பின் வாளியாகவும், பையாகவும், புட்டியாகவும் வீடுகளுக்குள் நுழைந்தது.

அடுத்த கண்டுபிடிப்பு துணித்துறையிலிருந்து வந்தது. மான்செஸ்டரைத் தலைமையிடமாகக் கொண்ட காலிகோ அச்சாளர் சங்கம் என்ற நிறுவனத்தின் ஆய்வகம் லங்காஷயரின் ஆக்ரிங்டனில் இருந்தது. அங்கே ஜான் ரெக்ஸ் வின்ஃபீல்ட், ஜேம்ஸ் டிக்சன் ஆகியோர் 1941இல் பாலியெத்திலீன் டெரிப்தாலேட் என்ற பொருளிலிருந்து இழை நூற்றனர். டெரிலீன் என்ற பெயரில் அறிமுகமான அந்த இழையே இன்று பாலியெஸ்டர் என்று நாம் அணிவது. தண்ணீர்ப் புட்டிகள் செய்யும் பெட் நெகிழியும் வேதியியல்படி இதே பொருள்தான்.

பஞ்சின் தலைநகரம் தன் பஞ்சுக்கு மாற்றையும் தானே கண்டுபிடித்தது என்று இதைச் சொல்லலாம். பருத்தி இழை ஆற்றில் விழுந்தால் காலப்போக்கில் மட்கும். பாலியெஸ்டர் இழை உடைந்து சிறிதாகுமே தவிர எளிதில் மட்காது. 1950இல் உலகின் நெகிழி உற்பத்தி ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் டன்னாக இருந்தது; 2015இல் அது 38 கோடி டன்னை எட்டியது.

மீன் திரும்பிய ஆறு

இதற்கிடையே மெர்சியின் நிலை 1980களின் தொடக்கத்தில் மீண்டும் தேசியப் பிரச்சினையானது. 1981இல் லிவர்பூலின் டாக்ஸ்டெத் பகுதியில் கலவரம் வெடித்தது. அதன் பின் அப்பகுதியின் சீரமைப்பை மேற்கொண்ட அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன், சீர்கெட்ட ஆற்றையும் சீர்கெட்ட நகரத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது என்ற கருத்தை முன்வைத்தார். 1985இல் மெர்சி வடிநில இயக்கம் தொடங்கியது. அரசு, நீர் நிறுவனங்கள், தொழிற்சாலைகள், பொதுமக்கள் அமைப்புகள் ஆகியவை இணைந்து 25 ஆண்டுகள் செயல்படுவது என்பது திட்டம். வடிநிலத்தின் ஒவ்வோர் ஆற்றிலும் மீன் வாழும் அளவுக்கு நீரின் தரத்தை உயர்த்துவது முதன்மை இலக்கு.

இலக்கு பெருமளவு நிறைவேறியது. பழைய ஆலைகள் பல ஏற்கெனவே மூடப்பட்டிருந்ததும் உதவியது. கழிவுநீர் நிலையங்கள் புதுப்பிக்கப்பட்டன. கரையோரக் குழாய்கள் மாற்றப்பட்டன. ஆக்சிஜன் அளவு ஏறியது. நூற்றாண்டுக்கும் மேலாக மெர்சியில் இல்லாதிருந்த சால்மன் மீன்கள் 2000களின் தொடக்கத்தில் மீண்டும் காணப்பட்டன. 1999இல் உலக அளவில் வழங்கப்பட்ட முதல் பன்னாட்டு ஆற்று விருது இந்த இயக்கத்துக்குக் கிடைத்தது.

ஆற்றைச் சுத்தப்படுத்த முடியும் என்பதற்கு மெர்சி உலகுக்கே எடுத்துக்காட்டானது. அந்தச் சாதனையில் பொய் ஏதும் இல்லை. ஆனால் ஆறு சுத்தமாகிவிட்டது என்று சொன்ன அளவுகோல்கள் எதிலும் நெகிழித் துகளுக்கு இடமில்லை.

கடலில் தொடங்கிய தேடல்

நெகிழித் துகள்களை முதலில் கண்டவர்கள் கடலாய்வாளர்கள். 1972இல் எட்வர்ட் கார்பென்டரும் கே. எல். ஸ்மித்தும் மேற்கு அட்லாண்டிக்கின் சர்காசோ கடற்பரப்பில் மிதந்த நெகிழித் துணுக்குகளைப் பற்றி அறிவித்தனர். அப்போது அது பெரிய கவனம் பெறவில்லை. 2004இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்ப்சனும் அவர் குழுவினரும் வெளியிட்ட கட்டுரைதான் மைக்ரோபிளாஸ்டிக் என்ற சொல்லைப் பரவலாக்கியது. 1960களிலிருந்து கப்பல்களின் பின்னால் இழுக்கப்பட்ட மிதவை உயிரிச் சேகரிப்புக் கருவிகளின் பழைய மாதிரிகளை அவர்கள் மீண்டும் ஆராய்ந்தனர். பத்தாண்டுகள் செல்லச் செல்ல அவற்றில் செயற்கை இழைகள் கூடியிருந்தன. வேறு நோக்கத்துக்காகச் சேர்த்து வைத்த மாதிரிகளே இந்த வரலாற்றுக்குச் சான்றாயின.

ஆறுகளின் பக்கம் பார்வை திரும்பியது அதற்கும் பத்தாண்டு கழித்து. 2010 முதல் 2012 வரை ஆஸ்திரியாவில் டான்யூப் ஆற்றில் நடந்த ஆய்வில், நீரோடு மிதந்து வரும் மீன் குஞ்சுகளைவிட நெகிழித் துண்டுகளே அதிகம் இருந்தன. அவற்றுள் பெரும்பகுதி தொழிற்சாலை மூலப்பொருளான மணிகளும் சில்லுகளும் ஆகும். 2014இல் அமெரிக்காவின் சிகாகோ நகரக் கால்வாய் ஒன்றில் கழிவுநீர் நிலையத்துக்கு மேலே ஒரு கன மீட்டர் நீரில் சராசரியாக 2 துகள்களும், அதற்குக் கீழே ஏறத்தாழ 18 துகள்களும் கணக்கிடப்பட்டன. 2015இல் ரைன் ஆற்றில் பாசலிலிருந்து ராட்டர்டாம் வரை எடுத்த எல்லா மாதிரிகளிலும் நுண்நெகிழி இருந்தது. ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்புக்குச் சராசரி 8,92,777 துகள்கள். தொழில் நகரங்கள் நெருங்கிய ரைன்-ரூர் பகுதியில் ஒரு மாதிரியில் மட்டும் அது 39 லட்சமாக உயர்ந்தது.

இந்த ஆய்வுகள் நீரின் மேற்பரப்பை வலை கொண்டு அரித்தவை. ஆற்றின் அடிப்படுகையில் என்ன இருக்கிறது என்பது அவற்றில் தெரியாது.

ஒரு வெள்ளமும் ஒரு கணக்கும்

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரேச்சல் ஹர்லி, ஜேமி வுட்வர்ட், ஜேம்ஸ் ராத்வெல் ஆகிய மூவரும் படுகையைத் தோண்டிப் பார்த்தனர். வடமேற்கு இங்கிலாந்தின் 10 ஆறுகளில் 40 இடங்களில் படுகை வண்டல் மாதிரிகளை எடுத்தனர். மேட்டுநில ஓடைகளும் நகரத்தின் நடுவே ஓடும் பகுதிகளும் அவற்றுள் அடங்கும். இத்தகைய ஆய்வுகளில் வண்டலை அடர்ந்த உப்புக் கரைசலில் கலக்குவர். மணல் அடியில் தங்கும். நெகிழி மேலே மிதக்கும். பிறகு நுண்ணோக்கியின் கீழ் அதை எண்ணுவர்.

நுண்நெகிழி இல்லாத ஓர் இடம்கூட அந்த 40 இடங்களுள் இல்லை. நகரப் பகுதிகளில் அளவு மிகவும் கூடியது. டேம் ஆற்றில் டென்டன் அருகே ஒரு சதுர மீட்டர் படுகையில் ஏறத்தாழ 5,17,000 துகள்கள் இருந்தன. உலகில் அதுவரை எந்த ஆற்றுப் படுகையிலும் பதிவாகாத உயர்ந்த அளவு அது. மீன் திரும்பி வந்த அதே வடிநிலத்தில்தான் இதுவும் இருந்தது.

மாதிரி எடுத்து முடித்த பின் இயற்கை ஒரு பரிசோதனையை நடத்திக் கொடுத்தது. 2015-16 குளிர்காலத்தில் இங்கிலாந்தின் வடபகுதியில் கடும் மழை பெய்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26 அன்று, இர்வெல் கரைபுரண்டது. சால்ஃபோர்டில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. பரிக்கு வடக்கே சம்மர்சீட் என்ற ஊரில் ஆற்றை ஒட்டி நின்ற சுமார் 200 ஆண்டு பழைய கட்டடம் ஒன்றின் ஒரு பகுதி சரிந்து நீரில் விழுந்தது. வெள்ளம் வடிந்த பின் ஆய்வாளர்கள் அதே 40 இடங்களுக்கும் மீண்டும் சென்றனர்.

28 இடங்களில் துகள்களின் அளவு குறைந்திருந்தது. அவற்றுள் 18 இடங்களில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. அழகுசாதனப் பொருள்கள் முதலியவற்றில் சேர்க்கப்படும் நுண்மணிகள் 7 இடங்களில் முற்றிலும் மறைந்துவிட்டன. மொத்தத்தில் படுகையில் தங்கியிருந்த நுண்நெகிழியில் சுமார் 70 விழுக்காட்டை வெள்ளம் அடித்துச் சென்றுவிட்டது. எண்ணிக்கையில் அது ஏறத்தாழ 4,300 கோடி துகள்கள். எடையில் 850 கிலோ. அதாவது ஒரு துகளின் சராசரி எடை ஒரு மில்லிகிராமில் ஐம்பதில் ஒரு பங்கு. ஒரு சிறிய சரக்கு வண்டியில் ஏற்றிவிடக்கூடிய எடை, எண்ணிக்கையில் உலக மக்கள்தொகையைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல்.

2018 மார்ச்சில் நேச்சர் ஜியோசயின்ஸ் இதழில் வெளியான இந்த ஆய்வு இரண்டு செய்திகளைச் சொன்னது. ஆற்றுக்கு அது நல்ல செய்தி: உள்ளே வருவதை நிறுத்தினால் வெள்ளங்கள் படுகையை விரைவில் கழுவிவிடும். கடலுக்கு அது கெட்ட செய்தி: ஆறு கழுவியதெல்லாம் அங்கேதான் போகிறது. கடலில் இருக்கும் நெகிழியின் அளவைப் பற்றிய பழைய மதிப்பீடுகள் குறைவானவை என்ற ஐயத்தையும் இது வலுப்படுத்தியது.

வறண்ட நாட்களின் சான்று

வெள்ளம் கழுவிய படுகையில் துகள்கள் மீண்டும் எப்படிச் சேர்கின்றன? இதே குழுவினரும் ஜியாவெய் லீயும் சேர்ந்து 2021இல் நேச்சர் சஸ்டெயினபிலிட்டி இதழில் வெளியிட்ட ஆய்வு இக்கேள்விக்கு விடை தேடியது. அதன் வாதத்தைப் புரிந்துகொள்ள நகரச் சாக்கடையின் அமைப்பை அறிய வேண்டும்.

மான்செஸ்டர் போன்ற பழைய நகரங்களில் மழைநீரும் வீட்டுக் கழிவுநீரும் ஒரே குழாயில் செல்கின்றன. விக்டோரியா காலத்தில் அமைந்த முறை அது. கனமழையின்போது குழாய் நிரம்பி வீடுகளுக்குள் கழிவு ஏறாமலிருக்க, மிகுந்து வருவதை நேரடியாக ஆற்றில் விடும் திறப்புகள் உண்டு. கனமழை நேரத்தில் மட்டும் இவற்றைப் பயன்படுத்தலாம் என்பது விதி. அப்போது ஆறும் பெருகி ஓடுவதால் கழிவு கரைந்து அடித்துச் செல்லப்படும் என்பது அதன் அடிப்படை.

ஆய்வாளர்கள் இந்த விதியையே அளவுகோலாக எடுத்துக்கொண்டனர். நுண்நெகிழி மிக இலேசானது. ஆறு வேகமாக ஓடும்போது வந்தால் படுகையில் தங்காது. படுகையில் அது குவிந்து கிடக்கிறது என்றால், ஆறு மெதுவாக ஓடிய வறண்ட நாட்களில் வந்திருக்க வேண்டும். முறையாகச் சுத்திகரித்த நீரில் அவ்வளவு துகள்கள் இருக்க வாய்ப்பில்லை. ஆகவே மழையில்லா நாட்களிலும் சுத்திகரிக்காத கழிவுநீர் ஆற்றில் விடப்பட்டுள்ளது என்பது அவர்கள் எட்டிய முடிவு. இத்தகைய வெளியேற்றம் தவிர்க்கக்கூடியது என்றும் அவர்கள் வாதிட்டனர்.

இங்கிலாந்தில் ஆறுகளில் கழிவுநீர் விடப்படுவது பற்றிய பொது விவாதம் சூடுபிடித்திருந்த காலம் அது. 2023 இறுதிக்குள் அங்குள்ள எல்லா மழைக்காலத் திறப்புகளிலும், எத்தனை முறை எவ்வளவு நேரம் அவை திறந்தன என்று பதிவு செய்யும் கருவிகள் பொருத்தப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் ஆலைக்கு ஆலை சென்று சோதித்தவர்களின் வேலையை இன்று கருவி செய்கிறது. நெகிழித் துகள் ஒன்றைக் கொண்டு விதிமீறலைக் கண்டறிய முடிந்தது இந்த ஆய்வின் தனிச்சிறப்பு எனலாம்.

சுத்திகரித்தால் போதுமா?

ஆர்டர்னும் லாக்கெட்டும் நெகிழியை நினைத்து எதையும் வடிவமைக்கவில்லை. ஆனாலும் அவர்களின் முறை நுண்நெகிழியைப் பெருமளவு பிடித்துவிடுகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 6,50,000 பேருக்கான கழிவுநீர் நிலையம் ஒன்றை 2016இல் ஆராய்ந்தனர். உள்ளே வந்த துகள்களில் 98 விழுக்காட்டுக்கும் மேல் அங்கே நீக்கப்பட்டன. எஞ்சிய சிறு பங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ 6.5 கோடி துகள்களாக ஆற்றை அடைந்தது.

நீக்கப்பட்டவை மறைந்துவிடுவதில்லை, அவை கசடில் தங்குகின்றன. பிரிட்டனில் கழிவுநீர்க் கசடைக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டும் வழக்கம் 1998இல் முடிவுக்கு வந்தது. அதன் பின் கசடின் பெரும்பகுதி உரமாக வயல்களுக்குச் செல்கிறது. வயலிலிருந்து மழையோடு மீண்டும் ஓடைக்கு வரும் வழி திறந்தே இருக்கிறது.

துகள்களின் பிறப்பிடங்களும் பல. 2016இல் பிளிமத் ஆய்வாளர்கள் 6 கிலோ துணியைச் சலவை இயந்திரத்தில் துவைத்துப் பார்த்தனர். அக்ரிலிக் துணியிலிருந்து 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் உதிர்ந்தன. பாலியெஸ்டரிலிருந்து ஏறத்தாழ 5 லட்சம். பருத்தி கலந்த பாலியெஸ்டரிலிருந்து சுமார் 1,38,000. வாகனங்களின் டயர் தேய்மானம், சாலைக்கோட்டு வண்ணப்பூச்சு, தொழிற்சாலையில் சிந்தும் நெகிழி மணிகள், வெயிலில் நொறுங்கும் பைகள் ஆகியவை மழைநீர் வடிகால் வழியே நேரடியாக ஆற்றை அடைகின்றன. சுத்திகரிப்பு நிலையம் அவற்றைப் பார்ப்பதே இல்லை.

ஆற்று உயிர்களும் மனிதரும்

படுகையில் கிடக்கும் துகள் முதலில் போய்ச் சேருமிடம் அங்கு வாழும் பூச்சிகளின் வயிறு. தெற்கு வேல்ஸின் ஆறுகளில் நடந்த ஆய்வில், சேகரித்த நீர்ப்பூச்சி மாதிரிகளில் இரண்டில் ஒன்றில் நுண்நெகிழி இருந்தது. அந்தப் பூச்சிகளை உண்டு வாழ்வது டிப்பர் என்னும் சிறு பறவை. நீருக்குள் மூழ்கி இரை தேடும் பறவை இது. அதன் எச்சத்திலும் கக்கிய உருண்டைகளிலும் ஏறத்தாழ பாதியில் நெகிழி இருந்ததாக 2020இல் வெளியான ஆய்வு கூறியது. தாய்ப் பறவை குஞ்சுக்கு ஊட்டும் இரையிலும் அது இருந்தது.

மனித உடலிலும் நுண்நெகிழி கண்டறியப்பட்டுள்ளது. அதனால் என்ன தீங்கு, எவ்வளவு தீங்கு என்பது பற்றிய ஆராய்ச்சி இன்னும் நடந்து வருகிறது. ஆனால் ஒரு வேறுபாடு தெளிவாக உள்ளது. காலராவுக்குக் காரணமான கிருமியைச் சுத்திகரிப்பால் அழிக்க முடிந்தது. நெகிழித் துகளை ஆற்றிலிருந்து திரும்பப் பொறுக்கி எடுக்க வழியில்லை. அது வரும் இடத்தில்தான் தடுக்க முடியும்.

தடைகள்

சட்டங்கள் முதலில் கை வைத்தது எளிய இலக்கில். முகம் கழுவும் பசைகளில் சேர்க்கப்படும் நுண்மணிகளை அமெரிக்கா 2015 டிசம்பரில் சட்டம் இயற்றித் தடை செய்தது. இங்கிலாந்தில் உற்பத்திக்கான தடை 2018 ஜனவரியிலும் விற்பனைக்கான தடை அதே ஆண்டு ஜூனிலும் வந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் பொருள்களில் வேண்டுமென்றே சேர்க்கப்படும் நுண்நெகிழிக்கு விரிவான கட்டுப்பாடு விதித்தது. இவை பயனுள்ள நடவடிக்கைகள். ஆனால் துணியிலிருந்து உதிரும் இழையும் டயரிலிருந்து தேயும் துகளும் எவரும் வேண்டுமென்று சேர்த்தவை அல்ல. அவற்றைத் தடுக்கச் சலவை இயந்திரத்தில் வடிகட்டி, குறைவாக உதிரும் நூல், சாலை நீரைத் தேக்கி வடிக்கும் குளம், கழிவுநீர்க் குழாய்களின் புதுப்பிப்பு ஆகியவை வேண்டும். இவற்றின் செலவை யார் ஏற்பது என்பதில்தான் வேகம் குறைகிறது. 1876ஆம் ஆண்டுச் சட்டமும் இதே இடத்தில்தான் தடுமாறியது.

தென்னிந்தியாவின் மான்செஸ்டரில்

மான்செஸ்டரின் பெயரைத் தமிழ்நாட்டில் சுமப்பது கோயம்புத்தூர். பஞ்சாலைகளால் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று அது அழைக்கப்படுகிறது. வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல் ஆறு கோவையையும் பின்னலாடை நகரமான திருப்பூரையும் கடந்து காவிரியில் சேர்கிறது. இந்த ஆற்றின் கதை இர்வெல்லின் கதையை நினைவூட்டுகிறது. 1992இல் பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவுநீர் தேங்கியது. கீழ்ப்பகுதி விவசாயிகள் நீதிமன்றம் சென்றனர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாமல் மறுசுழற்சி செய்யும் முறை அதன் பின்னரே வலுப்பட்டது.

அந்தப் போராட்டமும் கண்ணுக்குத் தெரிந்த மாசுக்கு எதிரானது. நீரின் நிறமும் உப்பும் அங்கே அளக்கப்பட்டன. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் சிலவற்றுக்குத் தடை உள்ளது. 2022 ஜூலை 1 முதல் இந்தியா முழுவதும் இத்தகைய தடை நடைமுறையில் உள்ளது. பையையும் குவளையையும் உறிஞ்சுகுழலையும் இவை கட்டுப்படுத்துகின்றன. துவைக்கும் துணியிலிருந்து சாக்கடைக்குப் போகும் இழை இவற்றின் வரம்புக்குள் வரவில்லை.

முடிவுரை

மான்செஸ்டர் ஆறுகளின் இருநூறு ஆண்டு வரலாற்றில் ஒரு வரிசை தெரிகிறது. முதலில் மாசு வருகிறது. பிறகு அதை அளக்க ஒரு முறை வகுக்கப்படுகிறது. அதன் பின் சட்டம் வருகிறது. கடைசியில் ஆறு தேறுகிறது. கறுத்த நீர் விஷயத்தில் இந்த வரிசை முடிய ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆனது. நுண்நெகிழி விஷயத்தில் இரண்டாவது படியில்தான் உலகம் நிற்கிறது.

எனினும் அந்த ஆறுகள் நம்பிக்கைக்கும் இடம் தருகின்றன. வரவை நிறுத்தினால் ஒரு குளிர்கால வெள்ளமே படுகையின் பெரும்பகுதியைக் கழுவிவிடும் என்பது அங்கு அளந்து காட்டப்பட்ட உண்மை. ஆறு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் திறனை இழக்கவில்லை. டென்டன் அருகே ஒரு சதுர மீட்டரில் 5,17,000 துகள்கள் என்ற கணக்கு மீண்டும் எழுதப்படுமா என்பது ஆற்றைப் பொறுத்ததல்ல; அதில் எதை எப்போது விடுகிறோம் என்பதைப் பொறுத்தது. நகரத்தின் நடுவே ஆறு ஓடும் ஒவ்வோர் ஊருக்கும் இது பொருந்தும்.